பால் கேனில் புதைத்த காகிதங்கள்: யூத வரலாற்றுக் கண்காட்சிகளைப் பார்த்தவர்கள் பகிருங்கள்

வேலை விஷயமாக போலந்தில் இருக்கிறேன். வார்சாவில் யூத வரலாற்று நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போனவுடன் தரையைப் பாருங்கள். 1943 மே 16 அன்று பக்கத்தில் இருந்த யூதர்களின் பெரிய ஜெப ஆலயத்தை நாஜிகள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தத் தீ இந்தக் கட்டடத்துக்கும் பரவியது. கருகிய தடம் இன்றும் முன்கூடத்துத் தரையில் அப்படியே இருக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் கண்காட்சிக்குள் போகவேண்டும்.

உள்ளே இருப்பது ரிங்கல்ப்ளூம் ஆவணங்கள். இமானுவேல் ரிங்கல்ப்ளூம் வரலாற்று ஆசிரியர். வார்சா யூதர்களை மதில் எழுப்பி கெட்டோ என்ற தனிப் பகுதிக்குள் அடைத்த 1940 நவம்பரிலேயே அவரும் நண்பர்களும் ரகசியமாகச் சேகரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமைகளில் கூடியதால் ‘ஓனெக் ஷபாத்’ (ஓய்வு நாளின் மகிழ்ச்சி) என்று தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தங்களைக் கொல்பவர்களே தங்கள் கதையை எழுதிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. டைரிகள், கடிதங்கள், ரேஷன் அட்டைகள், டிராம் டிக்கெட், மிட்டாய் சுற்றிய காகிதம், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை என்று கையில் கிடைத்த எதையும் விடவில்லை. அவர்களே பட்டினியில் இருந்தார்கள். மிட்டாய்க் காகிதத்தைக்கூட எடுத்து வைக்க வேண்டும் என்று அந்த நிலைமையில் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன்.

1942 ஆகஸ்டில் முதல் பகுதியைத் தகரப் பெட்டிகளில் வைத்து ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் புதைத்தார்கள். அடுத்த பகுதி இரண்டு பெரிய பால் கேன்களில் போனது. போர் முடிந்து 1946-இல் பெட்டிகளும் 1950-இல் கேன்களும் கிடைத்தன. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்தது சுமார் 35,000 பக்கம். ஆனால் குழுவில் இருந்த அறுபது பேர் அளவில் உயிர் பிழைத்தவர்கள் மூன்றே பேர். ரிங்கல்ப்ளூமையும் 1944-இல் சுட்டுக் கொன்றார்கள்.

பெட்டிகளைப் புதைத்த ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஷ்டைன் தன் மனைவி கேலா வரைந்த ஓவியங்களையும் உள்ளே வைத்தார். பெரும்பாலும் குழந்தைகளின் முகங்கள். தங்கள் மகள் மார்கலித்தை உலகம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியும் வைத்தார். குழந்தைக்கு அப்போது இருபது மாதம். மூவருமே தப்பவில்லை.

போலந்து வருபவர்கள் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸ் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இங்கேயும் ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த மனிதர்கள் எப்படிச் செத்தார்கள் என்று அங்கே தெரியும். எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவர்களே சொல்லிக் கேட்பது இங்கேதான்.

*

உங்கள் வார்சா பதிவைப் படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. நான் பார்த்தது வேறு மாதிரியானது, வியாபாரிகளின் காகிதங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் ‘கெய்ரோ கெனிசா’ தொகுப்பு இருக்கிறது. கடவுளின் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது யூத மரபு. அதனால் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் ஓர் அறைக்குள் (அதைத்தான் கெனிசா என்பார்கள்) நூற்றாண்டுக் கணக்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள். வேதம் மட்டும் இல்லை, கணக்குச் சீட்டு, கல்யாண ஒப்பந்தம், பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள் வரை எல்லாம். 1890-களில் சாலமன் ஷெக்டர் அவற்றைப் பெருமளவில் கேம்பிரிட்ஜ் கொண்டுவந்தார்.

நம்மவர்களுக்கு நெருக்கமானது ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்கள். துனிசியாவில் பிறந்து, 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல வருஷம் இருந்த யூத வியாபாரி. அங்கே வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். யேமனின் ஏடன் துறைமுகத்தில் உள்ள நண்பர்கள் உடைந்த பாத்திரங்களை அனுப்பி, புதிதாகச் செய்து தரச் சொல்வார்கள், கூடவே அவர் எழுதுவதற்குக் காகிதமும் அனுப்புவார்கள். ஆஷு என்ற அடிமைப் பெண்ணுக்கு அவர் 1132-இல் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்துக்கும் சான்று கிடைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் போக முடியாதவர்கள் நூலகத்தின் இணையதளத்தில் தாள் தாளாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எனக்கு ஹீப்ரு எழுத்து ஒன்றும் புரியாது. இருந்தும் ஓரங்களில் நெருக்கி நெருக்கி எழுதியிருப்பதைப் பார்த்தால் காகிதம் எவ்வளவு அரிதாக இருந்திருக்கும் என்று புரிந்துவிடும்.

*

இரண்டு பேரும் கேரளாவை விட்டுவிட்டீர்களே! கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கு எல்லோரும் போகிறார்கள், சீனத்து நீலத் தரையோடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேட்டைப் பற்றியும் அங்கே விசாரியுங்கள். வட்டெழுத்தில் பொறித்தது. பகல் விளக்கு, குடை, பறை, தோரணம் என்று அவர் பயன்படுத்தக்கூடிய மரியாதைச் சின்னங்களின் உரிமைகள் வரிசையாக வருகின்றன.

நேரம் இருந்தால் வடக்கே சேந்தமங்கலம் போங்கள். பழைய ஜெப ஆலயத்தைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். முன்னால் சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது, ஆண்டு 1269. சொந்த ஊரில் கும்பிட ஆள் இல்லாமல் போன கோயிலைப் பார்ப்பதுபோல எனக்கு இருந்தது. இங்கிருந்த யூதர்களில் பெரும்பாலானவர்கள் 1950-களிலேயே இஸ்ரேல் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரிக்கு வெள்ளி, சனி போகாதீர்கள், மூடியிருக்கும்.