அடுப்பு பற்றவே மாட்டேன் என்கிறது, அவசரம்!

புதுவீட்டுக்காரி:
வணக்கம். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து 4 நாள்தான் ஆகிறது. வாடகை வீட்டில் இருக்கிற அடுப்பு வேலையே செய்யவில்லை. ஆன் செய்தால் ஏதோ ஒரு எழுத்து மின்னுகிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ஓனர் போனை எடுப்பதில்லை, என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார், கைக்குழந்தை வேறு. எதையாவது தொட்டு வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

பத்துவருஷப் பரதேசி:
ரொம்ப சிம்பிள் தங்கச்சி. குமிழை அழுத்தித் திருப்பித் தீ பற்றியதும் உடனே கையை எடுக்கக் கூடாது. பர்னர் பக்கத்தில் குச்சி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அது சூடாகும்வரை 5, 10 விநாடி அழுத்தியே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தீ அணைந்துவிட்டது என்று நினைத்து அதுவே கேஸை அடைத்துவிடும். எனக்கு இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை, முதல் வாரம் முழுக்கச் சூடாக ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட்ஷிஃப்ட்:
எழுத்து மின்னுகிறது என்கிறார், கேஸ் அடுப்பில் ஏது எழுத்து? படித்துவிட்டுப் பதில் போடுங்கள் ஐயா. இது கரண்ட் அடுப்பு, பூட்டு போட்டிருக்கும். சாவியோ பூட்டோ படம் போட்ட இடத்தில் 3 விநாடி விரலை வைத்தால் திறக்கும், விரல் ஈரமாக இருந்தால் கேட்காது. ஆனால் அடுப்பு எரிந்த பிறகுதான் கச்சேரியே. வந்த புதிதில் எண்ணெய் கொஞ்சம் புகைந்து அலாரம் அலறி, கட்டிடமே ராத்திரி உடையோடு கீழே இறங்கி நின்று என்னைப் பார்த்தது. அதிலிருந்து அலாரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிவிட்டுத்தான் சமையல்.

இல்லத்தரசன்:
உறை மாட்டுகிற வேலையை யாரும் செய்யாதீர்கள். கழற்ற மறந்துவிட்டுத் தூங்குகிற ராத்திரி ஒன்று வரும். புகை வராமல் இருக்க எக்ஸாஸ்டை முதலிலேயே போடுங்கள், சூட்டைக் குறையுங்கள், அவ்வளவுதான். அப்புறம், சட்டி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அது எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, ஒரு தட்டைப் போட்டு மூடி, ஆறும்வரை சட்டியை நகர்த்தாமல் விட வேண்டும்.

பத்துவருஷப் பரதேசி:
என்ன இருந்தாலும் கரண்ட் அடுப்பெல்லாம் ஒரு அடுப்பா? தீயைக் கண்ணால் பார்த்தால்தானே கூட்டவோ குறைக்கவோ தோன்றும்.

நைட்ஷிஃப்ட்:
கேஸில் பாதிக்கு மேல் சூடு பாத்திரத்துக்கு வெளியேதான் போகிறது. இண்டக்‌ஷனில் 80 சதவீதத்துக்கு மேல் பாத்திரத்துக்கே வந்துவிடும்.

பத்துவருஷப் பரதேசி:
பில் போடுகிறவன் சதவீதத்தையா பார்க்கிறான், யூனிட்டைப் பார்க்கிறான். அந்தக் கண்ணாடியில் மயிரிழை கீறல் விழுந்ததற்கு என் பழைய ஓனர் முன்பணத்தில் பாதியை அமுக்கிவிட்டார் தெரியுமா?

இல்லத்தரசன்:
பாதிதானா? எனக்கு முழுசும் போச்சு.

மல்டிமீட்டர் மாமா:
அந்தப் பொண்ணு அடுப்பு பற்றவில்லை என்று நிற்கிறது, இங்கே முன்பணப் புராணம் ஓடுகிறது. அம்மா, மேலே வழவழவென்று கண்ணாடியா? என்ன எழுத்து மின்னுகிறது? என்ன பாத்திரம் வைத்தீர்கள்? இத்தனை நாள் எதில் சமைத்தீர்கள்?

புதுவீட்டுக்காரி:
கருப்புக் கண்ணாடிதான் மாமா. எழுத்து என்று சொல்ல முடியாது, லாடம் மாதிரி ஒரு வளைவு, குறுக்கே கோடு. வைத்தது நாங்கள் கொண்டுவந்த அலுமினியக் குக்கர். முன்பு இருந்தவர்கள் முகாமுக்குக் கொண்டுபோகிற சின்ன கேஸ் குப்பி அடுப்பு ஒன்றை விட்டுப் போயிருக்கிறார்கள், அதில்தான் சமாளிக்கிறேன். இப்போதுகூட வெந்நீர் கொதிக்கிறது. வெளியே ஒரே குளிர், குழந்தைக்கு ஆகாது என்று ஜன்னல் எல்லாம் மூடித்தான். காலையிலிருந்து தலைவலி வேறு, தூக்கம் போதவில்லை போல.

மல்டிமீட்டர் மாமா:
அந்தக் குப்பி அடுப்பை இப்போதே அணையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலிதான் முதலில் வரும். வெளியே நின்றுகொண்டே அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அடுப்புக் கதை அப்புறம்.

நைட்ஷிஃப்ட்:
வெளியே வந்ததும் ஒரு வரி போடுங்கள், ப்ளீஸ்.

புதுவீட்டுக்காரி:
இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஆட்கள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, குப்பியை அவர்களே வெளியே எடுத்து வைத்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் தலைவலி விட்டுவிட்டது, கை நடுக்கம்தான் நிற்கவில்லை.

மல்டிமீட்டர் மாமா:
நல்லவேளை. புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது, அதற்குத் தனி அலாரம் உண்டு, ஓனரிடம் கேட்டு வாங்குங்கள். இனி அடுப்பு. அதில் கோளாறே இல்லையம்மா. அது இண்டக்‌ஷன், அந்த லாடம் ‘பாத்திரம் எங்கே’ என்று கேட்கிறது. அலுமினியக் குக்கரை வைத்தால் அதன் கணக்கில் ஒன்றுமே வைக்காத மாதிரி. காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள், கப்பென்று ஒட்டினால் சரி. அடி தட்டையாக இருக்க வேண்டும். வெறும் பாத்திரத்தை ஏற்றி முழுச் சூட்டில் விடாதீர்கள், நினைப்பதற்குள் கருகிவிடும். அணைத்த பிறகும் ‘எச்’ என்று காட்டினால் கண்ணாடி இன்னும் சுடுகிறது என்று அர்த்தம், குழந்தை கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துவருஷப் பரதேசி:
தங்கச்சி, கேஸ் என்றே நினைத்து என்னென்னவோ சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

புதுவீட்டுக்காரி:
பரவாயில்லை அண்ணா. ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எவர்சில்வர் பாத்திரம் இரண்டு, பார்க்க ஒரே மாதிரி, ஒன்றில் ஒட்டுகிறது, மற்றதில் வழுக்கிக்கொண்டு விழுகிறது. ஒட்டியதில் பால் வைத்தேன், திரும்புவதற்குள் பொங்கிவிட்டது! ஆனால் ஙொய் என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன மாமா?

மல்டிமீட்டர் மாமா:
பாத்திரத்தின் அடி அதிர்கிற சத்தம்தான். சூட்டைக் குறைத்தால் அடங்கும்.