6 மி.மீ. ரோம் – மாசிடோனியா: டிபிஏ-வா, வார்மாஸ்டரா?

ஆறுமில்லி

நண்பர்களே, ரோமானியப் படை, மாசிடோனியப் படை இரண்டும் 6 மி.மீ. உயரப் பொம்மைகளாகக் கைக்கு வந்துவிட்டன. பெயின்ட் அடித்து பேஸில், அதாவது பொம்மைகள் நிற்கும் அடித்தட்டில், ஒட்டுவதற்கு முன்பே விதிநூலை முடிவு செய்தாக வேண்டும், பேஸ் அளவு அதைப் பொறுத்ததுதானே. ஆடப்போவது நானும் என் அண்ணனும். சாப்பாட்டு மேசை, நாலடிக்கு மூன்றடி. இரவுச் சாப்பாடு முடிந்தபின் இரண்டு மணி நேரம் கிடைக்கும். முதலில் ஆட நினைப்பது தெஸ்ஸலியில் கி.மு. 197-இல் நடந்த கினோஸ்கெஃபலை போர். பண்டைக்காலப் போர்களை மேசையில் ஆடுவதற்கான விதிநூல்களான டிபிஏ 3.0, வார்மாஸ்டர் ஏன்ஷியன்ட்ஸ் இரண்டில் ஒன்று என்று நினைத்திருக்கிறேன். எது, ஏன்?

பன்னிரண்டு போதும்

டிபிஏ. யோசிக்கவே வேண்டாம்.

1990-இல் வந்த முதல் பதிப்பிலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. ஒரு பக்கத்துக்கு 12 அணிகள், ஓர் அணி ஒரு பேஸ். உங்கள் முறை வந்ததும் ஒரே ஒரு பகடை உருட்டுவீர்கள், விழுந்த எண்தான் அந்த முறைக்கான நகர்வுப் புள்ளி. ஒரு புள்ளிக்குத் தனியாக நிற்கும் ஓர் அணியை நகர்த்தலாம், அல்லது ஒட்டி நிற்கும் பல அணிகளை ஒரே கூட்டமாக நகர்த்தலாம். வரிசை சிதறினால் செலவு ஏறும். எதிரியைவிட அதிகமாக, நாலு அணிகளை இழந்தவர் தோற்றார். இரண்டு மணி நேரத்தில் இரண்டு ஆட்டமே முடிக்கலாம்.

உங்கள் போரையே எடுத்துக்கொள்வோம். முகட்டில் மூடுபனி, இரு பக்கத்து முன்னணிப் படைகளும் எதிர்பாராமல் மோதிக்கொள்கின்றன. மாசிடோனிய மன்னர் ஐந்தாம் ஃபிலிப், நீண்ட ஈட்டிக்காரர்கள் நெருங்கி நிற்கும் தன் ஃபாலங்க்ஸின் வலது பாதியோடு மேலே ஏறி, ரோமானிய இடதுபுறத்தைச் சரிவில் தள்ளிக்கொண்டு இறங்குகிறார். அவருடைய இடதுபுறமோ இன்னும் அணிவகுக்கவில்லை. ரோமானியத் தளபதி ஃபிளாமினினஸ் மறுபுறம் போய் யானைகளை முன்னால் விட்டு அதைக் கலைத்துவிடுகிறார். அப்போது ஒரு ட்ரிப்யூன் (ரோமானியப் படை அதிகாரி), வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை, மேனிப்பிள் எனப்படும் சிறு படைப்பிரிவுகள் 20-ஐ அப்படியே திருப்பிக்கொண்டு போய் ஃபிலிப்பின் வலதுபுறத்தை முதுகில் அடிக்கிறார். அத்தோடு போர் முடிந்தது.

20 மேனிப்பிள் என்றால் அதிகபட்சம் 2,400 பேர். ரோமானியப் பக்கம் மொத்தம் சுமார் 25,000. அதை 12-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த ட்ரிப்யூனிடம் இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு டிபிஏ அணி! பின்னால் இன்னோர் அணி தாங்கி நிற்கும் ஃபாலங்க்ஸின் பலம் 6, எதிரே ரோமானிய வாள்படைக்கு 5. நேருக்கு நேர் ரோமுக்குச் சிரமம்தான். ஆனால் எதிரி பக்கவாட்டிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும்போது அந்த ஃபாலங்க்ஸ் பின்வாங்க நேர்ந்தால், பின்வாங்காது, அழிந்துபோகும். அந்த ஓர் அணியைத் திருப்பி அனுப்பப் புள்ளி செலவழிப்பதா, முன்வரிசையைத் தாங்குவதா என்று நீங்கள் திணறும் நிமிடம்தான் கினோஸ்கெஃபலை.

இரட்டைப் பகடை

ட்ரிப்யூன் கணக்கு அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபிலிப் தோற்றது அங்கே இல்லை. இடது பாதி வந்து சேராததுதான் காரணம்.

அன்று காலை அவருடைய ஆட்களில் ஒரு பகுதியினர் தீவனம் சேகரிக்கப் போயிருந்தார்கள். மீதியைக் கூட்டி வரும்படி தன் அதிகாரி நிக்கனோரிடம் சொல்லிவிட்டு அவர் மேலே ஏறினார். இடதுபுறம் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. இதை டிபிஏ எப்படிக் காட்டும்? பகடையில் 2 விழுந்தால், இந்த முறை இரண்டு கூட்டம்தான் நகரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எதை நிறுத்தி வைப்பது என்று ஆடுபவர் நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறார். ஃபிலிப்புக்கு அந்த வசதி இருந்ததா?

வார்மாஸ்டரில் முதலில் உத்தரவு, பிறகுதான் பகடை. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை தளபதியின் எண்ணுக்குள் விழ வேண்டும். 8 எண் உள்ள தளபதிக்கு 36-க்கு 26 வாய்ப்பு. படை 20 செ.மீ. தள்ளி நின்றால் ஒன்று குறையும், அப்போது 36-க்கு 21. அதே படைக்கு அதே முறையில் இன்னொரு உத்தரவு என்றால் மேலும் ஒன்று குறைந்து 15. தவறினால் அந்தத் தளபதி அந்த முறைக்கு வேறு யாருக்கும் உத்தரவு தர முடியாது. வலதுபுறத்தோடு ஓடிய ஃபிலிப் திரும்பிப் பார்த்து இடதுபுறத்தைக் கூப்பிடுகிறார், பகடை 9 காட்டுகிறது, அவ்வளவுதான். பதற்றம் தானாக வருகிறது. எதிரி 20 செ.மீ.-க்குள் வந்துவிட்டால் உத்தரவு இல்லாமலே பாயலாம் என்ற விதியும் இருக்கிறது. தளபதியைக் கேட்காமல் முடிவெடுத்த ட்ரிப்யூனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பன்னிரண்டு போதும்

டிபிஏ-இல் முன்கூட்டியே தெரியும் என்கிறீர்கள். எதற்கு முன்கூட்டி? போன முறையே இடதுபுறத்தைப் பாதி வழியில் விட்டுவிட்டு, அடுத்த முறை 4 விழும் என்று நம்பியிருப்பேன். 1 விழுகிறது. அந்த நம்பிக்கைதான் சூதாட்டம். திட்டம் போட்டது பகடைக்கு முன்னால்தான், இன்னும் ஒரு முறை முன்னால்.

நடைமுறையையும் பார்ப்போம். வார்மாஸ்டரில் ஒரு படைப்பிரிவுக்கு மூன்று பேஸ். நல்ல படை ஒன்று சேர்க்க நாற்பது பேஸ் பக்கம் போகும், இரு பக்கத்துக்கும் சேர்த்தால் இரட்டிப்பு. டிபிஏ-க்கு இரு பக்கமும் சேர்ந்து 24. முதல் உத்தரவே தவறினால் அந்தத் தளபதி அந்த முறை முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். புதிதாகத் தொடங்கும் இருவருக்கு இது சலிப்பைத் தரும். போதாததற்கு, அந்தப் புத்தகத்தைப் போட்ட வார்ஹாமர் ஹிஸ்டாரிகல் 2012-லேயே மூடப்பட்டுவிட்டது. பழைய பிரதி தேடி அலைய வேண்டும்.

கட்டம் போதும்

இருவரும் பேசாத ஒன்று: 6 மி.மீ. பொம்மையை அளவுநாடாவால் அளக்கும்போது கை பட்டு வரிசை கலையும், மாசிடோனியர்களின் நீண்ட சரிசா ஈட்டிகள் வளையும். ‘டு தி ஸ்ட்ராங்கெஸ்ட்’ விதிநூலைப் பாருங்கள், 2014-இல் வந்தது. மேசையில் கட்டங்கள், அளவே கிடையாது. பகடைக்குப் பதில் ஏஸ் முதல் 10 வரையிலான சீட்டுகள். ஏஸ் வந்தால் தோல்வி. அதே அணியை மறுபடி நகர்த்த வேண்டுமானால் அடுத்த சீட்டு முந்தையதைவிடப் பெரிதாக வர வேண்டும். 3 வந்திருந்தால் துணிந்து தள்ளலாம், 8 வந்திருந்தால் கை தயங்கும். நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளும் கேள்விக்கு, பாதி தெரியும், பாதி தெரியாது என்று அது பதில் சொல்கிறது.

இரட்டைப் பகடை

சீட்டு முறை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த முகடு சாய்வாகக் கிடக்கிறது, ஃபிலிப் வலதுபக்கம் நெருக்கி, ஃபாலங்க்ஸின் ஆழத்தை இரட்டிப்பாக்கி இறங்குகிறார். இதைச் சதுரக் கட்டத்தில் வைத்தால் கோணம் போய்விடும். இந்த ஒரு போருக்கு எனக்கு அது சரிப்படாது.

சலிப்பு பற்றி: தவறிய உத்தரவு சலிப்பு அல்ல, அந்தப் போரின் உண்மையே அதுதான். மாசிடோனியர்கள் கடைசியில் சரணடைவதற்கு அடையாளமாகச் சரிசாக்களை நிமிர்த்திப் பிடித்தார்கள். ரோமானிய வீரர்களுக்கு அந்த வழக்கம் தெரியாததால் நின்ற இடத்திலேயே வெட்டிப் போட்டார்கள். சுமார் 8,000 மாசிடோனியர் செத்தார்கள், 5,000 பேர் பிடிபட்டார்கள், ரோமுக்கு இழப்பு 700 அளவில்தான். சொன்னது போய்ச் சேராத நாள் அது. எல்லாம் என் கையில் இருக்கிறது என்ற உணர்வைத் தரும் விதிநூலில் இந்தப் போரை ஆடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

ஞாயிறு ஆட்டம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீல் தாமஸின் ஒரு மணி நேர விதிகளையும் மறக்க வேண்டாம். பக்கத்துக்கு 6 படை, ஒவ்வொன்றும் 15 அடி தாங்கும், 15 முறையில் ஆட்டம் முடிந்துவிடும். டிபிஏ-இல் அணி பின்வாங்கும் அல்லது அழியும், களைப்பு என்பதே கிடையாது. இதில் படை தேய்ந்து தேய்ந்து விழும். உத்தரவு சிக்கல் எதுவும் இல்லை என்பதால் இந்தப் போருக்கு நானே பரிந்துரைக்க மாட்டேன், பழகிக்கொள்ள நல்லது.

ஆறுமில்லி

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் கேட்டேன், ஃபிலிப் தனக்குத்தான் வேண்டும் என்கிறார். 24 பேஸ் என்றால் இந்த மாதத்துக்குள் வண்ணம் தீட்டி முடித்துவிடுவேன், அதனால் டிபிஏ-இல் தொடங்குகிறேன். ஆனால் இரட்டைப் பகடை சொன்ன இடதுபுறம் என்னை விடவில்லை. மாசிடோனிய இடதுபுறம் 5 அல்லது 6 விழுந்தால்தான் நகரும் என்று சொந்த விதி ஒன்று சேர்க்கலாமா? பேஸ் எந்த அளவு?

பன்னிரண்டு போதும்

பேஸ் முன்பக்கம் 40 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். டிபிஏ-க்கும் அதுதான், வார்மாஸ்டர் காலாட்படைக்கும் அதுதான். நாளை மனம் மாறினால் காலாட்படைப் பொம்மையைப் பெயர்க்க வேண்டாம்.

சொந்த விதி வேண்டாம். இடது பாதியை முகட்டுக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக நடைவரிசையில் நிறுத்தித் தொடங்குங்கள். டிபிஏ-இல் கூட்டத்தைச் சுருக்கி நடைவரிசை ஆக்குவது சுலபம், விரிப்பதற்கு அணி அணியாகத் தனித்தனிப் புள்ளி கொடுக்க வேண்டும். வலதுபுறம் சண்டையில் இருக்கும்போது அண்ணனால் அதற்குப் புள்ளி ஒதுக்கவே முடியாது. ஃபிலிப்பின் சிக்கல் தானாக வந்துவிடும்.

இரட்டைப் பகடை

நல்ல யோசனை, அப்படியே வையுங்கள். அதோடு ஒன்று மட்டும் சேர்க்கச் சொல்கிறேன்: பகடை உருட்டும் முன், எந்தப் புறத்துக்கு முதலில் புள்ளி போகும் என்று இருவரும் துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைக்க வேண்டும்.

பன்னிரண்டு போதும்

அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். விழுந்த பகடையைப் பார்த்து மனசை மாற்றிக்கொள்வதுதான் டிபிஏ-இன் ஆட்டமே. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூட்டலும் கழித்தலும்தான்.

ஆறுமில்லி

முதல் ஆட்டம் எழுதாமல், இரண்டாவது எழுதி வைத்து. நடைவரிசை இரண்டிலும் உண்டு. ரோம் நான்தான், அந்த ட்ரிப்யூனின் பேஸுக்கு மட்டும் ஓரத்தில் சிவப்பு அடித்து வைக்கிறேன்.