8,97,158 கையெழுத்து: கிரே டேவிஸைக் கவிழ்த்தது நடிகரா, அவருடைய சொந்தப் பிரசாரமா?

கணக்குப்புலி
பக்கத்து இழையில் ஒருவர், "2003ல் கலிஃபோர்னியா கவர்னர் கிரே டேவிஸை இறக்கியது அர்னால்ட் ஸ்வார்ஸ்னெகரின் சினிமா கவர்ச்சி. நம்மூர் மாதிரி அங்கேயும் திரைமோகம்தான்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படிக்கவே எரிகிறது.

தேதியைப் பாருங்கள். திரும்பப் பெறும் தேர்தலுக்கு (பதவிக்காலம் முடியும் முன்பே ஒருவரை இறக்கலாமா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பு) கையெழுத்து போதும் என்று மாநிலச் செயலர் கெவின் ஷெல்லி சான்றளித்தது ஜூலை 23. அர்னால்ட் தொலைக்காட்சியில் உட்கார்ந்து போட்டியிடுவதாக அறிவித்தது ஆகஸ்ட் 6. நடிகர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே குழி வெட்டியாகிவிட்டது.

வெட்டியவர் டேவிஸ். கவர்னரைத் திரும்பப் பெற, அந்தப் பதவிக்குக் கடைசியாக நடந்த தேர்தலில் விழுந்த வாக்குகளில் 12 சதவீதம் கையெழுத்து வேண்டும். 1998ல் கவர்னர் பதவிக்கு விழுந்தது சுமார் 84 லட்சம் வாக்கு. அதன்படி பார்த்தால் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து தேவை. 2002 மறுதேர்தலில் விழுந்ததோ 75 லட்சத்துக்கும் கொஞ்சம் கீழே. 12 சதவீதம் போட்டால் 8,97,158. வாக்கு ஏன் குறைந்தது? டேவிஸ் அந்தத் தேர்தல் முழுவதும் தனக்கு வாக்குக் கேட்கவில்லை, எதிராளியைக் கரிபூசுவதையே செய்தார். சனங்கள் இரண்டு பேரும் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். தன் தலைக்கு வைத்த விலையைத் தானே குறைத்துக்கொண்டார்.

புதியவன்_21
கவர்னர் என்றால் மத்திய அரசு நியமிப்பவர்தானே? அவருக்கு எதற்குத் தேர்தல், மறுதேர்தல் எல்லாம்?

வடகரை
தம்பி, அங்கே கவர்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், நம்மூர் முதல்வர் மாதிரி. புலியாரே, கணக்கு அருமை. ஒரே ஓட்டை. செல்லுபடியான கையெழுத்து வந்தது 13 லட்சத்துக்கு மேல். வாசல்படி ஒன்பது லட்சமோ பத்து லட்சமோ, 13 லட்சம் வைத்திருப்பவன் இரண்டையும் தாண்டுவான். குள்ளமான கதவு என்பதால்தான் யானை உள்ளே வந்தது என்கிறீர்கள். யானை சுவரையே இடித்துக்கொண்டு வந்தது.

கணக்குப்புலி
13 லட்சம் என்பது முடிவில் வந்த எண். பணம் போடுபவன் தொடக்கத்தில்தான் கணக்குப் போடுவான். பிப்ரவரியில் டெட் கோஸ்டா என்பவரின் குழு இந்தக் கையெழுத்து வேட்டையைத் தொடங்கியபோது கையில் காசு கிடையாது. மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டாரல் இசா சொந்தப் பணத்தை இறக்கினார். மொத்தம் சுமார் 17 லட்சம் டாலர். கடை வாசலில் மேசை போட்டுக் கூலிக்கு ஆள் வைத்துத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் விலை. அதிலும் நூற்றுக்குப் பதினைந்து இருபது கழியும்: பதிவே இல்லாதவர், பழைய முகவரி எழுதியவர், இரண்டு தடவை போட்டவர், ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தாளில் அடுத்த கவுண்டிக்காரர். எட்டே முக்கால் ஒன்பது லட்சம் என்றால் முடியும் என்று தோன்றும். இன்னும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கூடினால் யோசிப்பான். 8,97,158 என்பதுதான் இசாவைப் பணப்பையைத் திறக்க வைத்தது.

வடகரை
யோசித்திருப்பான், திறந்திருக்க மாட்டான் என்பதெல்லாம் சோதிடம். நான் கேட்டது எண். 13 லட்சம் பெரிதா, பத்து லட்சம் பெரிதா?

மின்கம்பி
இரண்டு பேரும் விசயத்தை விட்டுவிட்டு வாசல்படியை அளந்துகொண்டிருக்கிறீர்கள். ஆத்திரம் இல்லாமல் ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான். ஆத்திரத்துக்குக் காரணம் மின்சாரம்.

1996ல் பீட் வில்சன் கவர்னராக இருந்தபோது போட்ட சட்டம் மொத்தவிலையைத் திறந்துவிட்டது, வீட்டுக் கட்டணத்தைப் பூட்டி வைத்தது. மின் நிறுவனங்கள் தங்கள் அனல் நிலையங்களைப் பெருமளவு விற்றுவிட்டுச் சந்தையில் வாங்க வேண்டிய நிலை. வாங்கும் விலை விற்கும் விலையைத் தாண்டியதும் கடன் மூழ்கடித்தது. சான் டியாகோவில் மட்டும் பூட்டு முன்பே கழன்றுவிட்டதால் 2000 கோடையில் அங்கே கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. 2001 ஜனவரி 17ல் வடக்கில் சுழற்சி மின்வெட்டு, டேவிஸ் அவசரநிலை அறிவித்தார். ஏப்ரல் 6ல் மின் நிறுவனமான பிஜி அண்டு இ திவால் மனு போட்டது. அதன் பிறகு மாநிலமே மின்சாரம் வாங்க இறங்கி, சந்தை உச்சத்தில் இருந்த நேரத்தில் சுமார் 4,300 கோடி டாலருக்கு நீண்டகால ஒப்பந்தங்கள் போட்டது. ஜூனில் மத்திய எரிசக்தி ஆணையம் விலை உச்சவரம்பு வைத்ததும் சந்தை இறங்கியது, ஒப்பந்த விலை இறங்கவில்லை. நெருப்பு பற்றும்போது நெல்லை மொத்தமாக வாங்கிய கதை.

கணக்குப்புலி
மின்கம்பி ஐயா, மின்வெட்டு 2001ல். மறுதேர்தலில் அவர் ஜெயித்தது 2002 நவம்பரில். ஆத்திரம்தான் கவிழ்த்தது என்றால் அப்போதே கவிழ்த்திருக்க வேண்டுமே? 47.3 சதவீதம் அவருக்கு, 42.4 குடியரசுக் கட்சியின் பில் சைமனுக்கு. 8,97,158 என்ற எண் பிறந்த நாளும் அதே நாள்தான்.

மின்கம்பி
ஜெயித்தது எப்படி என்று நீங்களே சொல்லுங்கள். எதிராளியைத் தேர்ந்தெடுத்து ஜெயித்தார். குடியரசுக் கட்சி உட்தேர்தலில் (கட்சி வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் தேர்தல்) லாஸ் ஏஞ்சலஸ் முன்னாள் மேயர் ரிச்சர்ட் ரியோர்டன் முன்னணியில் இருந்தார். மிதவாதி, நடுநிலை வாக்கை அள்ளக்கூடியவர். ஜனநாயகக் கட்சிக்காரரான டேவிஸ் சுமார் ஒரு கோடி டாலர் செலவழித்து, அடுத்த கட்சியின் உட்தேர்தலில், ரியோர்டனுக்கு எதிராக விளம்பரம் ஓட்டினார். கருக்கலைப்பு பற்றி அவர் மாற்றி மாற்றிப் பேசியதை எடுத்துப் போட்டார்கள். 2002 மார்ச் 5ல் சைமனுக்கு ஏறக்குறைய 49, ரியோர்டனுக்கு 31. தேர்தல் அனுபவமே இல்லாத சைமன்தான் டேவிஸுக்கு வேண்டியது, கிடைத்தார்.

பழையபேப்பர்
இதைத்தான் 2006 தேர்தல் இழையிலும் நான் சொன்னேன். அப்போது கணக்குப்புலி என்னை "செய்தித்தாள் வெட்டி ஒட்டுபவர்" என்றார். நான் மறக்கவில்லை.

சைமன் முகாம் என்ன பாடுபட்டது என்று யாரும் எழுதவில்லையே. 2002 ஜூலை இறுதியில் அவருடைய குடும்ப நிறுவனத்துக்கு எதிராக நடுவர் குழு 7.8 கோடி டாலர் மோசடித் தீர்ப்பு கொடுத்தது. செப்டம்பரில் நீதிபதி அதை ரத்து செய்துவிட்டார். ஆனால் இடைப்பட்ட ஆறு வாரமும் டேவிஸ் தரப்பு விளம்பரத்துக்குத் தீனி. அக்டோபரில் சைமன் பதிலடி கொடுக்கப் புறப்பட்டார்: 1998ல் துணை கவர்னராக இருந்த டேவிஸ் தன் அரசு அலுவலகத்திலேயே நன்கொடைக் காசோலை வாங்கினார், இதோ புகைப்படம் என்றார். அரசு இடத்தில் நன்கொடை வாங்குவது சட்டவிரோதம். படத்தில் இருந்ததோ சான்டா மோனிகாவில் ஒரு தனியார் வீடு. பின்சுவரைக்கூடச் சரிபார்க்காமல் கொடுத்த புகார், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு. அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை.

கணக்குப்புலி
பழையபேப்பர், அந்த இழையில் நான் சொன்னது வேறு. அர்னால்ட் 2006ல் 55.9 சதவீதம் வாங்கி ஜெயித்ததற்குப் புகழ் காரணம் என்று நீங்கள் எழுதினீர்கள். 2005 நவம்பர் சிறப்புத் தேர்தலில் அவர் முன்வைத்த 74, 75, 76, 77 நான்கு முன்மொழிவும் தோற்றன. அப்போதும் அதே முகம், அதே புகழ்தான். அதன் பிறகு டேவிஸிடம் வேலை பார்த்த சூசன் கென்னடியையே தலைமை அதிகாரியாக வைத்துக்கொண்டு, குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி, காலநிலைச் சட்டம் ஏபி 32ல் கையெழுத்துப் போட்டு நடுவுக்கு வந்தார். அதனால் ஜெயித்தார். அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

பழையபேப்பர்
சரி என்று நீங்களே மார்க் போட்டுக்கொள்கிறீர்கள். வெட்டி ஒட்டுபவர் என்று சொன்னதற்கு இன்னும் ஒரு வார்த்தை இல்லை.

வடகரை
நான் கேட்டதற்கும் ஒரு வார்த்தை இல்லை. 13 லட்சம். பத்து லட்சம். எது பெரிது? பின்னாளில் கவர்னரான கவின் நியூசமைப் பாருங்கள். 2018ல் வாக்குப்பதிவு அமோகம், அதனால் 2021ல் அவரைத் திரும்பப் பெறத் தேவைப்பட்டது சுமார் 15 லட்சம். அதையும் தாண்டினார்கள். வாசல்படி ஆறு லட்சம் உயர்ந்தும் மனு தேறியது. வாசல்படியால் ஒன்றும் ஆகாது.

கணக்குப்புலி
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்குகிறீர்கள். சட்டப்படி கையெழுத்துக்குக் கிடைக்கும் நாள் 160. நியூசம் வழக்கில் கொரோனாவைக் காரணம் காட்டி நீதிமன்றம் கூடுதலாக 120 நாள் கொடுத்தது. அந்த 120 நாள் இல்லையென்றால் அந்த மனு மூட்டை கட்டியிருக்கும். உயர்ந்த வாசல்படி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது 2003க்கு வாருங்கள். வாசல்படி வெறும் எண் அல்ல, நாள் கணக்கு. சான்றளித்ததிலிருந்து 60 முதல் 80 நாளுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் 180 நாளுக்குள் வழக்கமான தேர்தல் ஒன்று வருமானால் அதோடு சேர்த்து நடத்த வழி உண்டு. 2004 மார்ச் 2ல் அதிபர் உட்தேர்தல். அதிலிருந்து 180 நாள் பின்னால் போனால் 2003 செப்டம்பர் 4. சான்று அந்தத் தேதிக்கு மேல் தள்ளியிருந்தால் தேர்தல் மார்ச்சில். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வரிசையில் நிற்கும் நாள்! டேவிஸ் தப்பித்திருப்பார். மாதிரி எடுத்துச் சரிபார்க்கையில் தேவையில் 110 சதவீதம் வந்துவிட்டால் முழுதாக எண்ண வேண்டியதில்லை, அது 9,86,874. 1998 கணக்கு என்றால் அதே 110 சதவீதம் பதினோரு லட்சத்தைத் தொடும். அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் எத்தனை வாரம்?

வடகரை
எத்தனை வாரம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள்தானே கணக்குப்புலி. ஜூலை 23க்கும் செப்டம்பர் 4க்கும் நடுவே ஆறு வாரம் இருக்கிறது. இசாவின் ஆட்கள் ஜூலை நடுவிலேயே மூட்டை மூட்டையாகக் கொடுத்து முடித்துவிட்டார்கள். 13 லட்சம் ஏற்கனவே கவுண்டி அலுவலகங்களில் கிடக்கிறது. பதினோரு லட்சம் வேண்டுமென்றாலும் அதே மூட்டைக்குள் இருக்கிறது. ஒரு நாள்கூடத் தள்ளாது.

கணக்குப்புலி
மூட்டை பெரிதானதே தொடக்கத்தில் இலக்கு சின்னதாகத் தெரிந்ததால். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: 8,97,158.

வடகரை
நானும் மூன்றாவது முறை: 13 லட்சம்.

மின்கம்பி
கார் வரியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். வாகன உரிமக் கட்டணம் 2 சதவீதமாக இருந்ததை 1998ல் தொடங்கிப் படிப்படியாக 0.65 வரை குறைத்தார்கள். உள்ளாட்சிகளுக்கு ஏற்பட்ட இழப்பை மாநிலக் கஜானா ஈடுகட்டியது. பட்ஜெட் பற்றாக்குறை 3,800 கோடி டாலர் என்ற நிலை வந்ததும் 2003 ஜூனில் அந்த ஈடுகட்டலை நிறுத்தினார்கள். கட்டணம் பழையபடி மூன்று மடங்கு. அக்டோபர் 1 முதல் அமல். தேர்தல் என்றைக்கு? அக்டோபர் 7! எந்த மடையன் இந்தத் தேதிகளை அருகருகே வைப்பான்? நவம்பர் 17ல் பதவியேற்ற அன்றே அர்னால்ட் அதை ரத்து செய்தார். கஜானாவில் விழுந்த ஓட்டை அப்படியே நின்றது, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

பழையபேப்பர்
அக்டோபர் 7 என்று தேதி குறித்தவர் துணை கவர்னர் குரூஸ் புஸ்டமான்டே. வாக்குச்சீட்டில் இரண்டு கேள்வி: டேவிஸை இறக்கலாமா, இறக்கினால் அவர் இடத்துக்கு யார். இரண்டாவதில் அவரே மாற்று வேட்பாளராகவும் நின்றார். "திரும்பப் பெறுவதற்கு இல்லை சொல்லுங்கள், கூடவே எனக்கும் போடுங்கள்" என்று இரட்டைப் பிரசாரம். சொந்தக் கட்சிக்காரனே கூரையைப் பிரித்தால் டேவிஸ் எங்கே ஒதுங்குவார்? முதல் கேள்விக்கு ஆம் என்றவர் 55.4 சதவீதம், இல்லை 44.6. நடுவே துளை அட்டை வாக்கு எந்திரங்களைக் காரணம் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தேர்தலையே தள்ளி வைத்தார்கள். எட்டே நாளில் பெரிய அமர்வு அதை மாற்றியது. புலியார் ஆசைப்பட்ட மார்ச் தேர்தல் கிட்டத்தட்ட வந்தது தெரியுமா?

புதியவன்_21
டேவிஸ் இரண்டாவது கேள்வியில் தானும் நிற்கலாமே? 135 பேர் நின்றார்களாமே. 44.6 வைத்திருந்தால் ஜெயித்திருப்பார் போலிருக்கிறது.

வடகரை
தம்பி, யாரைத் திரும்பப் பெறுகிறார்களோ அவர் மாற்று வேட்பாளராக நிற்கக் கூடாது. நின்றிருந்தாலும் ஆகாது. டேவிஸ் இருக்கட்டும் என்றவர்கள் சுமார் 40 லட்சம். அர்னால்டுக்கு 42 லட்சம். "குறைந்த வாக்கு வாங்கியவர் பதவிக்கு வந்தார்" என்று ஒரு கதை சுற்றுகிறது, அது தப்பு.

கணக்குப்புலி
அந்த 40 லட்சத்தையே எடுங்கள். 2002 மறுதேர்தலில் டேவிஸ் வாங்கியது 35 லட்சம். தோற்ற தேர்தலில் அவர் பக்கம் நின்றவர்கள் ஜெயித்த தேர்தலைவிட அதிகம்! இந்த ஐந்து லட்சம் பேர் 2002ல் எங்கே போனார்கள்? வீட்டில் இருந்தார்கள். ஏன் இருந்தார்கள்? கரிபூசும் பிரசாரத்தால். அவர்கள் அன்றைக்கே வந்திருந்தால் வாசல்படி எவ்வளவு உயர்ந்திருக்கும்?

வடகரை
ஐந்து லட்சத்தில் 12 சதவீதம் அறுபதாயிரம். அறுபதாயிரம் கையெழுத்து! 13 லட்சத்துக்கு முன்னால் அறுபதாயிரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

கணக்குப்புலி
அவர்களோடு எதிர்ப்பக்கத்தில் வராமல் போனவர்களையும் கூட்ட வேண்டும். 2003ல் பதிவானவர்களில் 61 சதவீதம் வந்தார்கள். 2002ல் அப்படி வந்திருந்தால் வாசல்படி பத்து லட்சத்தை எளிதாகத் தாண்டும். முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள்.

பழையபேப்பர்
2006 இழையின் சுட்டியைத் தேடி எடுத்துவிட்டேன். "வெட்டி ஒட்டுபவர்" அப்படியே இருக்கிறது, திருத்தம்கூட இல்லை.

மின்கம்பி
கார் வரிக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அக்டோபர் 1, அக்டோபர் 7.

வடகரை
படித்தேன். அதிலும் 13 லட்சம் இல்லை.