பேச்சு முறிந்தால் கையில் மிஞ்சும் வழி: போக்கிடமா, போகிடமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வெள்ளி இரவு

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கள் காலை பயிற்சித்தாள் அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன்.

பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கூடி முடிவெடுப்பதும் பேசித் தீர்ப்பதும் பற்றி ஒரு பயிற்சி நடத்தினேன். ஆற்றுநீர்தான் பொருள். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பது எல்லையோரத்து இந்தக் கேரள ஊரில் டீக்கடைப் பேச்சு. வகுப்பில் பாதிப் பேருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் மாமன் வீடோ சித்தப்பா தோட்டமோ உண்டு. மேல்மடை, கீழ்மடை என்று இரண்டு அணி. எண்கள் நானே போட்டவை. நாற்பது நிமிடம். ஒவ்வொருவர் கையிலும் அடுத்தவருக்குத் தெரியாத ஒரு துண்டுச்சீட்டு.

கடைசி ஐந்து நிமிடத்தில் கீழ்மடை அணி கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டது. அவர்கள் சீட்டு ஒன்றில், 'பேச்சு முறிந்தால் இரண்டு பொதுக் கிணறுகளை வைத்து இருபது நாள் பயிரைக் காக்கலாம்' என்று எழுதியிருந்தேன். அது கிடைத்த மாணவி அதை நான்காக மடித்து ஜியாமெட்ரி பெட்டிக்குள், கவராயத்துக்கு அடியில் வைத்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாரும் அணையப் பத்தியே பேசிட்டிருந்தாங்க டீச்சர்" என்றாள். ஸ்டாசரும் டைட்டஸும் 1985இல் ஆய்ந்து காட்டியது இதைத்தான்: குழு தனக்குப் பொதுவாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசும், ஒருவரிடம் மட்டும் இருப்பது மேலே வராது.

அந்தக் கிணறுகளுக்கு என்ன பெயர்? 1981இல் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் தம் நூலில் வைத்த ஆங்கிலப் பெயரின் சுருக்கம் 'பாட்னா' (BATNA). உடன்பாடு அமையாவிட்டால் நமக்கு மிஞ்சும் வழிகளில் சிறந்தது என்று பொருள். கரும்பலகையில் எழுதினேன். ஒரு பையன் குறிப்பேட்டில் அதன் பக்கத்தில் 'பீகார்' என்று எழுதிக்கொண்டான். அவன்மேல் குற்றமில்லை. 'உடன்பாடெட்டா நிலையின் உகந்த மாற்று' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படிக்க எனக்கே மூச்சு முட்டுகிறது. உதவுங்கள்.

உடுமலையிலிருந்து, சனி காலை

டீச்சர், சொல் ஊரிலேயே இருக்கிறது. "அவனுக்குப் போக்கிடம் ஏது, குடுத்தத வாங்கிக்குவான்" என்று சந்தையில் சொல்வார்களே, அதே போக்கிடம்தான். அகப்பாடலிலும் இதற்கு இடமுண்டு. தமர் வரைவுக்கு, அதாவது திருமணத்துக்கு, உடன்படாவிட்டால் தலைவிக்கு எஞ்சும் வழி உடன்போக்கு, தலைவனோடு புறப்பட்டுவிடுவது. தோழி வரைவு கடாவுகிறபோது, மணத்தை முடிக்கச் சொல்லி வற்புறுத்துகிறபோது, அவள் பேச்சுக்கு வலுத் தருவதே அந்தப் போக்கு இருப்பதுதான்.

செங்கோட்டையிலிருந்து, சனி நண்பகல்

உடுமலை நண்பர் உடன்போக்கை எடுத்தது அழகு. ஆனால் சொல்லாக்கத்தில் தளர்வு. போக்கு என்பது போதலுக்கும் ஆகும், போக்குதலுக்கும் ஆகும். பொழுதுபோக்கு, சாக்குப்போக்கு, வயிற்றுப்போக்கு என்று அது போய்ச் சேராத இடமில்லை. 'போகிடம்' என்க. வினைத்தொகை, போன இடம், போகின்ற இடம், போகும் இடம் என முக்காலமும் அடங்கும். குறளில் ஆகூழ், போகூழ் எனப் பயின்ற அச்சே இது. வழக்கில் தேய்ந்த சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் பழைய பொருள் கூடவே வந்து ஒட்டும். போக்கிடம் என்றதும் ஆதரவற்றவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. எல்லைப் பேச்சின் சூடு தெரிந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு சொல்லின் தளர்ச்சி ஒப்பந்தத்தில் எவ்வளவு தொல்லை தரும் என்று என் தகப்பனார் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஆந்திரச் சித்தூரிலிருந்து, சனி இரவு

புலவர் ஐயாவுக்கு வணக்கம். போகூழ் என்றால் கைப்பொருள் போவதற்கான ஊழ் அல்லவா? அந்த அச்சில் வார்த்தால் போகிடம் இழக்கும் இடமாகிவிடாதா?

எங்கள் பக்கம் தமிழ் வீட்டுக்குள், தெலுங்கு வாசலில். இங்கே 'திக்கு' என்போம். தெலுங்கில் 'திக்கு லேது'. தமிழிலும் திக்கற்றவருக்குத் தெய்வமே துணை. ஆனாலும் நான் போக்கிடத்துக்கே கை தூக்குகிறேன். காரணம் மாங்காய். தோத்தாபுரி பறித்து டிராக்டரில் ஏற்றிவிட்டால் மாங்கூழ் ஆலையை விட்டால் வேறு இடம் கிடையாது. ஒரு வருடம் ஆலை வாசலில் இரண்டு இரவு நின்றோம். அடியில் இருந்த காய் கசிந்து தார்ப்பாயில் ஒட்டியது. மூன்றாம் நாள் காலை அவர்கள் சொன்னதே விலை. அன்று எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்று அப்பா சொன்னார். வேறு எந்தச் சொல்லும் அதைச் சொல்லியிருக்காது.

இன்னொன்று. எந்த விலைக்குக் கீழே இறங்க மாட்டோமோ அதற்குத் தனிச்சொல் தேடாதீர்கள். 'கட்டுபடி' இருக்கிறது. போக்கிடம் நன்றாக இருந்தால் கட்டுபடி உயரும். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லலாம்.

பாலக்காட்டிலிருந்து, ஞாயிறு காலை

கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நாளை இந்தப் பிள்ளைகள் மேலாண்மைப் படிப்புக்கு வரும்போது எல்லாரும் பாட்னா என்றே சொல்வார்கள். இவர்கள் மட்டும் விழிப்பார்கள். அப்படியே வைத்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து, ஞாயிறு மாலை

சார், என் வகுப்பில் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு, தென்னந்தோப்புக்குப் போகிறவர்களும் உண்டு. பேரம் பேசும் வேலை இருவருக்கும் வரும். பயிற்சித்தாளின் ஓரத்தில் பாட்னாவையும் ஒருமுறை குறித்துவிடுகிறேன்.

நேற்று ஸ்பெஷல் கிளாஸில் சோதித்துப் பார்த்தேன். 'போகிடம்' என்றதும் இரண்டு பேர் 'போகியிடம்' என்று எழுதினார்கள். 'போக்கிடம்' என்றதும் ஒருவரும் பொருள் கேட்கவில்லை. "பேச உட்காருமுன் உங்கள் அணியின் போக்கிடம் எது?" என்று கேட்டேன். ஜியாமெட்ரி பெட்டிப் பெண்தான் முதலில் கை தூக்கினாள். எனக்கு அது போதும்.

போக்கிடம், கட்டுபடி இரண்டையும் தாளில் சேர்த்துவிட்டேன். ஆதரவற்ற நிலை என்ற பழைய பொருள் ஒட்டும் என்று புலவர் ஐயா சொன்னதை மறுக்க முடியவில்லை. "போக்கிடம் எல்லாருக்கும் ஒன்று உண்டு, அது நல்லதா மோசமா என்பதே கேள்வி" என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து, ஞாயிறு இரவு

அம்மா, அச்சுக்குப் போகட்டும். தடுக்கவில்லை. ஆயினும் ஆகூழ் என்றதும் போகூழ் என்றதும் ஊழின் தன்மையால் பொருள் பெற்றவை. இழப்பு ஊழிலிருந்து வந்தது, போகு என்பதிலிருந்து வந்ததன்று. சித்தூர்த் தம்பிக்கு இதை விரிவாகத் தனியே எழுதுகிறேன். அடுத்த பதிப்பில் போகிடத்தை மீண்டும் எடுப்போம்.