மலையில் டிஜிட்டல் ரிப்பீட்டர் லிங்க்: நீலகிரியிலும் பழனி மலையிலும் எது நிற்கிறது, எது விழுகிறது

குன்னூரிலிருந்து:

ஹாம் (பொழுதுபோக்கு) ரேடியோவில் மூன்று ஊரில் ரிப்பீட்டர், அதாவது வரும் சிக்னலை வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையம், வைத்து மூன்றையும் லிங்க் போட்டு ஒன்றாகப் பேச வைக்க வேண்டுமா? முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மழையில் ஃபைபர் அறுந்த அன்று எந்த லிங்க் வேலை செய்ய வேண்டும்? டிஎம்ஆரா, டி-ஸ்டாரா, ஃப்யூஷனா (மூன்றும் டிஜிட்டல் குரல் முறைகள்) என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 2009 நவம்பரில் நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்து சாலைகள் துண்டாயின. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. கொட்டியது. சாலையோரம் போகும் கேபிளுக்கும் அதே மண்தான் பிடிமானம்.

அதற்காக இன்டர்நெட் லிங்க் கூடாது என்று சொல்லவில்லை. அதன் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எம்எம்டிவிஎம் (ரேடியோவை நெட்டோடு இணைக்கும் டிஜிட்டல் மோடம்) வழியாகப் போகும் டிஎம்ஆர் 60 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். ஐபி தலைப்பெல்லாம் சேர்த்து நொடிக்கு சுமார் 11 கிலோபிட். ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் 5 எம்பிதான். ஃப்யூஷன் 100 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட், சுமார் 15 கிலோபிட். டி-ஸ்டார் 20 மில்லி செகண்டுக்கு ஒன்று, அதாவது நொடிக்கு 50 பாக்கெட். அதன் லிங்க் முறை டிஎக்ஸ்ட்ரா என்றால் 22 கிலோபிட், டிசிஎஸ் என்றால் 51. மலையில் 4ஜி சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் இந்த வேகம் கிடைத்துவிடும். தொல்லை தருவது பாக்கெட் தாமதம் ஏறி இறங்குவதுதான். டி-ஸ்டாரில் ஒரு பாக்கெட் தொலைந்தால் 20 மில்லி செகண்டு போகும், காதுக்குத் தெரியாது. ஃப்யூஷனில் ஒன்று தொலைந்தால் ஒரு எழுத்தே விழும். டிஎம்ஆருக்கு எம்எம்டிவிஎம் அமைப்பில் ஜிட்டர் (தாமத ஏற்ற இறக்கத்தைத் தாங்கக் காத்திருக்கும் நேரம், மில்லி செகண்டில்) 360 என்று இருப்பதை 500 அல்லது 600 ஆக்கிப் பாருங்கள். பேச்சு கொஞ்சம் தாமதமாக வரும், ஆனால் அறுபடாது.

அடுத்தது போர்ட், அதாவது ரூட்டரில் தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல். சிம் ரூட்டரில் பொது ஐபி கிடைக்காது, ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிடுவார்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பு எதுவும் ரிப்பீட்டரைத் தொடாது. பிராண்ட்மைஸ்டர் என்ற உலக டிஎம்ஆர் வலைக்குப் போகும் டிஎம்ஆர், யுடிபி போர்ட் 62031க்குத் தானே வெளியே போய்க் கதவைத் தட்டும். ஃப்யூஷனின் ஒய்எஸ்எஃப் ரிஃப்ளெக்டருக்கு (பலர் சேரும் நெட் சந்திப்பு சர்வர்) 42000, அதுவும் அப்படியே. இரண்டும் சிம் ரூட்டரில் ஓடும். டி-ஸ்டாரில் ரிஃப்ளெக்டர் லிங்க் பொதுவாக ஓடிவிடும். கால்சைன் ரூட்டிங் (ஒருவரின் அழைப்புக் குறியை வைத்து அவர் இருக்கும் ரிப்பீட்டருக்குப் போவது) வேண்டுமென்றால் 40000 உள்ளே திறந்திருக்க வேண்டும். யேசு கம்பெனியின் ஃப்யூஷன் வலையான வயர்ஸ்-எக்ஸின் முழு நோடுக்கு 46100, 46110, 46112, 46114, 46120, 46122 என ஆறு யுடிபி போர்ட்டும் திறக்க வேண்டும், சிம் ரூட்டரில் அது நடக்காது.

கோத்தகிரியிலிருந்து:

குன்னூர் ஓஎம் (ஹாம் நண்பர்) சொன்ன ஃபைபர் அறுந்த நாளுக்கு விடை, ஊருக்கு ஊர் நேராகப் பேசும் 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஆன்டெனா. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வான்வழி சுமார் 10 கி.மீ. அந்தத் தூரத்துக்கு அலையின் இழப்பு 127.7 டிபி (டெசிபல்). ரேடியோ வெளியீடு 13 டிபிஎம் (சக்தியின் அளவு), இரு பக்கமும் 23 டிபிஐ (ஆன்டெனாவின் பெருக்கம்) டிஷ் என்றால் மறுமுனையில் −69 டிபிஎம் வர வேண்டும். டிஷ்ஷைத் திருப்பி −80 வந்ததும் திருப்தியாகி போல்ட்டை முறுக்கிவிடாதீர்கள், அது பக்க லோப், டிஷ்ஷின் முக்கியக் கதிருக்குப் பக்கத்தில் இருக்கும் பலவீனமான கதிர். இடமும் வலமும் 20 டிகிரி மெதுவாக ஓட்டினால் சிறிய மேடு, பெரிய மேடு, மீண்டும் சிறிய மேடு என்று மூன்று தெரியும். நடுவில் இருப்பதைப் பிடித்துவிட்டு மேல்-கீழ் சாய்வையும் அதேபோல் பாருங்கள். இரண்டு பக்கமும் செய்த பிறகும் 10 டிபி குறைந்தால் வழியில் மரம் இருக்கிறது.

கண்ணுக்கு மறுமுனை தெரிந்தால் போதும் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். 10 கி.மீ. லிங்கின் நடுவில் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலை பரவிப் போகும் பகுதி) ஆரம் 11 மீட்டருக்கு மேல். அதில் 60 சதவீதம், அதாவது நேர்க்கோட்டைச் சுற்றி 7 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் வருஷா வருஷம் அந்த 7 மீட்டருக்குள் வளரும். ஜனவரியில் ஒழுங்காக ஓடிய லிங்க் ஜூனில் தள்ளாடினால் மூடுபனியைத் திட்ட வேண்டாம். 5.8இல் மூடுபனி தரும் இழப்பு பொருட்படுத்தும் அளவில்லை. நனைந்த இலை அலையைக் குடிக்கிறது, கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. இந்த இரண்டையும் தேடுங்கள்.

ஊட்டி–கோத்தகிரி நேர் லிங்குக்கு முயல வேண்டாம். 2,637 மீட்டர் தொட்டபெட்டா குறுக்கே நிற்கிறது. சிகரத்திலேயே ரிலே வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். குன்னூர் பக்கம் சுற்றிக் கொண்டுவர ஒரு மேடு கிடைத்தால் அதுவே மேல்.

டிஷ் வைத்தாயிற்று, ரிப்பீட்டர்கள் எதைப் பிடித்துப் பேசும்? மூன்று எம்எம்டிவிஎம்மையும் நேராக வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பினால் நெட் போனதும் மூன்றும் தனித்தனித் தீவு. பேட்டரி பலமாக உள்ள இடத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை குட்டிக் கணினியில் ஹெச்பிலிங்க் என்ற டிஎம்ஆர் சர்வர் சாஃப்ட்வேரை ஓட விடுங்கள். மூன்று ரிப்பீட்டரும் 5.8 வலையின் உள் ஐபி வழியாக அதில் லாகின் ஆகட்டும். வெளியுலகுக்குப் போவது அந்த ஒரு சர்வர் மட்டும். டிஎம்ஆர் ஒரே அலையில் மாறி மாறித் தரும் இரண்டு ஸ்லாட்டில் (நேரப் பங்கு), இரண்டாம் ஸ்லாட்டை மலைக்குள் மட்டும், முதல் ஸ்லாட்டை வெளியே என்று பிரித்துவிட்டால் நெட் அறுந்தாலும் இரண்டாம் ஸ்லாட்டில் பேச்சு நிற்காது. சர்வரே செத்தாலும் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் வாங்கி அனுப்பும்) எம்எம்டிவிஎம் தன் ஊருக்குள் ரிப்பீட் செய்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டு டிஎம்ஆர் மொபைல் செட்டை (வண்டியில் வைக்கும் ரேடியோ) முதுகோடு முதுகாக வைத்து ஆடியோ வயரில் இணைப்பதைத் தவிருங்கள். குரல் இரண்டு முறை ஏஎம்பிஇ என்ற குரல் அமுக்கத்துக்குள் போய் வந்தால் தமிழில் ழகரமும் ளகரமும் பிரித்துக் கேட்காது.

கொடைக்கானலிலிருந்து:

கோத்தகிரி ஓஎம்மின் உள் சர்வர் யோசனை இங்கேயும் பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் போனபோது கொடைச் சாலைகளில் விழுந்த மரங்களை நினைத்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீலகிரியோடு ரேடியோ வழியாகச் சேர முடியுமா என்று கேட்பவர்களுக்கு: தொட்டபெட்டாவிலிருந்து இங்கே சுமார் 150 கி.மீ. நடுவில் பூமியின் வளைவு 340 மீட்டர் மேடு போடும், இரு முனையும் 2,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் அது தடையில்லை. ஏரிப் பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேடுதான் மறைக்கும். இரு மலைக்கும் நடுவே இன்டர்நெட்டே சரி.

மோடு, அதாவது டிஜிட்டல் முறைகளைக் கலப்பதைப் பற்றி. டிஎம்ஆரும் ஃப்யூஷனின் டிஎன் மோடும் ஒரே ஏஎம்பிஇ+2 குரல் பிட்டுகளைச் சுமக்கின்றன. உறையை மாற்றினால் போதும், சாஃப்ட்வேரே செய்துவிடும், குரல் கெடாது. டி-ஸ்டார் பழைய ஏஎம்பிஇ. அதைச் சேர்க்க ஏஎம்பிஇ சிப் உள்ள யுஎஸ்பி குச்சி வேண்டும், ஒவ்வொரு மாற்றத்திலும் குரல் கொஞ்சம் தேயும். ஊரில் இரண்டு பேரிடம் மட்டும் டி-ஸ்டார் செட் இருக்கிறது என்பதற்காக அந்தச் செலவில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

லூப்பையும் சொல்லிவிடுகிறேன். உள் சர்வர் 404 டாக்குரூப்பை (டிஎம்ஆரில் ஒரு குழுவின் பேச்சு எண்) வெளியே இணைத்திருக்கும்போது, ஒரு ரிப்பீட்டர் தனியாகவும் அதே 404க்கு பிராண்ட்மைஸ்டரில் லாகின் ஆனால், ஒருவர் பேசியது சுற்றிச் சுற்றி வரும். பிடிடியை (பேசும் பட்டன்) விட்ட பிறகும் ரிப்பீட்டர் கீ ஆகி (அலை அனுப்பியபடி) நிற்கும், 180 நொடி டைம்-அவுட்டில்தான் விழும், விழுந்ததும் மறுபடி எழும். ரிப்பீட்டர் பழுது என்று மேலே ஏறிப் போகாதீர்கள். ஒரு கேட்வேயை (வெளியே போகும் இணைப்பு) நிறுத்துங்கள், அடங்கிவிடும். இன்னொன்று: ஒரே டிஎம்ஆர் ஐடியில் இரண்டு ஹாட்ஸ்பாட் (ரேடியோவை நெட்டோடு இணைக்கும் சின்னப் பெட்டி) லாகின் ஆனால் ஒன்றை ஒன்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஏழு இலக்க ஐடிக்குப் பின்னால் 01, 02 என்று இரண்டு இலக்கம் சேர்த்தால் தீர்ந்தது.

ஊட்டியிலிருந்து:

லிங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரிப்பீட்டரின் காது (ரிசீவர்) கெட்டால் பயனில்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே விடிகாலை உறைபனி, மதியம் நல்ல வெயில். 2.5 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 2.5 பங்கு) பிழையுள்ள, அலைவரிசையைத் தரும் ஆஸிலேட்டர் 435 மெகாஹெர்ட்ஸில் 1,087 ஹெர்ட்ஸ் வரை நகரலாம். டிஎம்ஆரில் தரவைச் சுமக்கும் நான்கு அலைவரிசை நிலைகள் மையத்திலிருந்து ±648, ±1,944 ஹெர்ட்ஸில் இருக்கின்றன. ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் ஒரு நிலை இன்னொன்றாகப் படிக்கப்படும். காலை ஆறு மணிக்கு ரோபோ குரல், பத்து மணிக்குத் தெளிவு என்றால் காரணம் இதுதான். 0.5 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாற்றத்தை ஈடுகட்டும் ஆஸிலேட்டர்) என்றால் நகர்வு 217 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும்.

ஹாட்ஸ்பாட் போர்டில் சரி செய்யும் முறை: ஆர்எக்ஸ் ஆஃப்செட்டை (ரிசீவர் அலைவரிசைத் திருத்தம்) 100 ஹெர்ட்ஸ் படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் பத்து நொடி பேசி பிஇஆரை (பிட் பிழை விகிதம்) குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 5 சதவீதத்தைத் தாண்டும் இடங்களைக் கண்டுபிடித்து நடுப்புள்ளியை வையுங்கள். விடிகாலை ஒரு முறை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை செய்து இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். 1 சதவீதத்துக்குள் வந்தால் கைவைக்காதீர்கள். தனித்தனி ரேடியோக்கள் கொண்ட ரிப்பீட்டரில் ஆஃப்செட் உதவாது, ரேடியோவைத்தான் ட்யூன் செய்ய வேண்டும். ஆடியோவை டிஸ்க்ரிமினேட்டரிலிருந்து (ரிசீவரில் வடிகட்டப்படாத ஒலி வரும் இடம்) எடுங்கள், ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து எடுத்தால் எதுவுமே டீகோட் ஆகாது.

குன்னூரிலிருந்து:

பேட்டரி எவ்வளவு என்று தனியாகக் கேட்டவருக்கு இங்கேயே பதில். ரிசீவரும் ராஸ்பெர்ரி பையும் 5.8 ரேடியோவும் சேர்ந்து 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் என்றால் நாளுக்கு 36 ஏஹெச் (ஆம்பியர்-மணி). டிரான்ஸ்மிட் 6 ஆம்பியர், நேரத்தில் 10 சதவீதம் என்றால் இன்னும் 14.4. மொத்தம் சுமார் 50. தென்மேற்குப் பருவத்தில் சோலாரை மூன்று நாள் நம்ப முடியாது, ஆகவே 150 ஏஹெச் கையில் இருக்க வேண்டும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெடும், ஊட்டிப் பக்கம் அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள்.

டவரிலிருந்து அறைக்கு வரும் ஈதர்நெட் கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். குரங்கு உருவிப் போட்டுவிட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் உதவாது. கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு, தண்ணீர் அங்கேயே சொட்டும்படி கட்டுங்கள்.