ஐஸ் பெட்டிக்குள் கண்ணாடிச் சில்லு: பார், நைட் கிளப் வேலையில் அடிபட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பார்டெண்டர், 9 வருடம்:
கூட்டம் நெரிகிற நேரம். கூட வேலை பார்த்த பையன் ஐஸ் கரண்டியைத் தேடப் பொறுமையில்லாமல் கண்ணாடி டம்ளராலேயே ஐஸை அள்ளியிருக்கிறான். விளிம்பில் ஒரு சில்லு உடைந்து உள்ளே விழுந்ததை அவன் கவனிக்கவில்லை. ஐஸுக்குள் கிடக்கும் கண்ணாடி கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில், கட்டியாகிப் போன ஐஸைக் கிளற நான் கையை விட்டேன். கட்டைவிரலின் தசைநாண் அறுந்துவிட்டது. ஆபரேஷன், அப்புறம் மூன்று மாதம் வீட்டில்.

முதலாளி நல்லவர்தான். ஆனாலும் "வெறுங்கையை விட்டது உன் தப்புதானே" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். ஊழியர்களுக்காக முதலாளி எடுத்து வைக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் யார் தப்பு என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வேலையில் இருக்கும்போது அடிபட்டதா என்றுதான் பார்ப்பார்கள். பதிலுக்கு, முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையைப் பொதுவாக நாம் விட்டுக்கொடுக்கிறோம். மருத்துவச் செலவு முழுதும் கிடைத்தது.

அடி விழுந்தது, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கிடைக்கும் சம்பள ஈட்டில். பல இடங்களில் கிடைப்பது சராசரி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதுவும் பதிவில் இருக்கும் வருமானத்துக்குத்தான். என் வருமானத்தில் பாதிக்கு மேல் டிப்ஸ். அதில் நான் கணக்கில் காட்டியது சொற்பம். வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்ட அதே பணம், அந்த மூன்று மாதமும் இல்லாத பணமாகிவிட்டது.

முன்னாள் பவுன்சர்:
உங்களுக்குச் சம்பளப் பதிவாவது இருந்தது. எனக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கம், அவ்வளவுதான். குடித்திருந்த ஒருவன் தலையால் முட்டி மூக்கை உடைத்தான். "நீ ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்" என்று கிளப் கைகழுவியது. எந்த வாசலில், எத்தனை மணிக்கு, என்ன சட்டை போட்டு நிற்க வேண்டும் என்று அத்தனையும் அவர்கள் சொன்னதுதான். இப்படி வேலை வாங்கினால் பல ஊர்ச் சட்டங்களில் நான் ஊழியர்தான் என்று பின்னால் ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் மனு போடும் கெடு முடிந்துவிட்டது.

காப்பீட்டுத் தணிக்கை வேலையில் இருப்பவர்:
இந்த பவுன்சர் கதையை வருடாவருடம் பார்க்கிறேன். முதலாளி கட்டும் பிரீமியம், ஊழியர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்காகிறது. அதன்மேல் தொழிலின் ஆபத்துக்கு ஏற்ப ஒரு விகிதம், முந்தைய விபத்துகளுக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பெருக்கு எண். பாலிசி முடிந்ததும் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். தனிக் காப்பீடு இல்லாத "ஒப்பந்தக்காரர்" யாராவது தென்பட்டால், அவருக்குக் கொடுத்த பணத்தையும் சம்பளத்தோடு சேர்த்துவிடுவோம். முதலாளி மிச்சம் பிடித்ததாக நினைத்தது அப்படியே பில்லாகத் திரும்பி வரும்.

இன்னொன்று: ஒரு பெரிய விபத்தைவிட, அடிக்கடி நடக்கும் சின்ன விபத்துகள்தான் அந்தப் பெருக்கு எண்ணை அதிகம் ஏற்றும். ஈரத் தரையில் வழுக்குவது, நிரம்பினால் 60 கிலோவைத் தாண்டும் 50 லிட்டர் பீப்பாயைத் தனியாளாகத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வது மாதிரி. சண்டையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், தரையைத் துடைப்பதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

டிஜே:
காதுக்குள் ஓயாத இரைச்சல். வேலையிடத்தில் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் வரை பரவாயில்லை என்பார்கள். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்! நான் நின்றது ஐந்து மணி நேரம். விழுந்த தேதி இருந்தால் மனு போடலாம். காது போன தேதி எது? சேரும்போது கேள்திறன் சோதனை எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடவாவது ஒரு தாள் இருந்திருக்கும்.

பார்டெண்டர், 9 வருடம்:
பவுன்சர் அண்ணா சொன்ன கெடு விஷயத்தில் நான் தப்பித்தது தற்செயல்தான். கட்டுப் போட்ட கையோடு அன்றிரவே மேலாளருக்கு மெசேஜ் அனுப்பினேன், விடுப்பு கேட்க. அதுதான் புகார் கொடுத்த தேதியாக நின்றது. கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்காது. இப்போது எங்கள் ஐஸ் பெட்டியில் கரண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் கண்ணாடி உடைந்தால் பெட்டியில் இருக்கும் ஐஸ் மொத்தத்தையும் வெந்நீர் ஊற்றி உருக்கி, கழுவிவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். கூட்ட நேரத்தில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள். வெந்நீர்க் கெட்டிலை எடுப்பது நான்தான்.