புதுப்பிப்பு: வருகை கூடினால் சேவை மேம்பட்டதாகுமா?

நூலக நேரத்தை நீட்டித்ததும் வருகை கூடியது, இது வெற்றிதானா என்று முன்பு கேட்டிருந்தேன். அப்படிச் சொல்ல முடியாது என்றுதான் இப்போது படுகிறது. அது தேர்வுக் காலம். போதாக்குறைக்கு, மாற்றத்துக்கு முந்தைய கணக்கையும் நான் எடுத்து வைக்கவில்லை.

நூலகச் செயல்பாட்டை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11620-இன் குறியீடுகளைப் புரட்டினேன். ஆனால் மனதுக்குப் பிடித்தது, நூலகச் சேவை எப்படி என்று பயனர்களிடமே கேட்டு அளக்கும் லிப்குவால் முறைதான். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் திருப்தி, இப்போது கிடைப்பது எவ்வளவு என 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண்கள். கிடைப்பதில் குறைந்தபட்சத்தைக் கழித்தால் ஓட்டை எங்கே என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

அதே பாணியில் சின்னதாக ஒரு கேள்வித்தாள் கொடுத்தோம். நேரத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. பட்டியலில் இருக்கும் நூல் அலமாரியில் இல்லை என்பதுதான் புகார்! இனி அதைத்தான் மாதாமாதம் எண்ணப்போகிறோம்.